தட்டின் ஓரத்தில் ஒதுங்கும் மரக்கறி



சில கிழமைகளுக்கு முன்னர் ஒஸ்லோவின் குரூருட் பள்ளத்தாக்கில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்தினர் எம்மை இரவுணவுக்கு அழைத்திருந்தனர். வீட்டுத் தலைவர் அதிகாலையில் வேலைக்குப் புறப்பட்டு மாலையில் திரும்புபவர். அவரது துணைவியார் முதியோர் இல்லமொன்றில் முறைவேலை செய்பவர். இத்தனை அலுவல்களுக்கிடையிலும் மேசையிற் சோறு, கோழிக்கறி, மீன்பொரியல், உருளைக்கிழங்குப் பிரட்டல், பருப்பு, கோவா வறை என யாவும் இருந்தன. வீட்டுக்காரரின் கை மட்டும் கோவா வறைப் பாத்திரத்தைத் தாண்டித் தாண்டியே சென்றது. "இஞ்சருங்கோ, இதையும் கொஞ்சம் போடுங்கோ" என்று மனைவி ஒரு கரண்டி வைத்தார். அவரோ அதனைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். அருகிலிருந்த மகள் தன் தட்டைக் காட்டி, "அப்பா, நீங்கள் சாப்பிடாததை நான் மட்டும் ஏன் சாப்பிட வேணும்?" என்று கேட்டாள்.

எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி எம்மை விட்டு அகலவில்லை. அந்த வீட்டுக்காரர் ஐம்பது வயதைக் கடந்தவர். அவருக்கு நீரிழிவு உண்டென்று குடும்ப வைத்தியர் சொல்லி இரண்டு மாதங்களே ஆகியிருந்தன.

இது ஒரு வீட்டின் கதை அன்று. 1980களிலும் 1990களிலும் இந்நாட்டுக்கு வந்த எம்மவரிற் பலர் தனித்த இளைஞர்கள். ஊரில் அடுப்படிப் பக்கமே போகாதவர்கள். வடக்கே பின்மார்க்கின் மீன் ஆலைகளிலும், தெற்கே உணவகங்களிலும் விடுதிகளிலும் வேலை செய்து, ஓரறையிற் பலராய் வாழ்ந்த அந்நாட்களில் அவர்கள் தாமாகக் கற்றுக்கொண்ட சமையல் சோறும் கோழிக்கறியுந்தான். முருங்கைக்காயும் பயித்தங்காயும் கண்ணிற் படாத ஊர்களில் மரக்கறி என்ற எண்ணமே மெல்ல மறைந்தது. பின்னர் குடும்பம் அமைந்தது, வீடு வந்தது, பிள்ளைகள் பிறந்தனர். நாக்கு மட்டும் அந்த ஓரறை நாட்களிலேயே நின்றுவிட்டது. இன்று "எனக்கு மரக்கறி பிடியாது" என்று சொல்பவர் பலர், தம் தாயார் சமைத்த பூசணிக்காயையும் கீரையையும் விரும்பி உண்டு வளர்ந்தவர்களே.

இதன் விளைவை உடல் சொல்கிறது. 2002ஆம் ஆண்டில் ஒஸ்லோவில் துருக்கி, ஈரான், பாகிஸ்தான், இலங்கை, வியட்நாம் ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து குடியேறியோரிடையே பெரியதொரு சுகாதார ஆய்வு நடத்தப்பட்டது. அதில் இலங்கையர் என்று குறிக்கப்பட்டோர் பெரும்பாலும் தமிழரே. நோர்வேஜியரைக் காட்டிலும் அவர்களிடையே நீரிழிவு மிகுதியாகக் காணப்பட்டது. உயரத்துக்கேற்ற எடை ஒரே அளவாக இருந்தபோதிலும், எம்மவருக்கும் பாகிஸ்தானியருக்கும் வயிற்றுப் புறத்திற் கொழுப்புக் கூடுதலாகச் சேர்ந்திருந்தது. "நான் மெலிந்த ஆள்தானே" என்ற எமது ஆறுதல் முழுமையான ஆறுதல் அல்ல என்பதே இதன் பொருள்.

மரக்கறி நீரிழிவை மாற்றிவிடும் மருந்து என்று நாம் சொல்ல வரவில்லை. பரம்பரையும் உடலுழைப்பின் குறைவும் இந்நோய்க்குக் காரணங்களே. ஆனால் மரக்கறியின் நார்ச்சத்து சோற்றின் சர்க்கரை இரத்தத்திற் சேரும் வேகத்தைத் தணிக்கிறது. வயிற்றை நிரப்பிச் சோற்றின் அளவையும் குறைக்கிறது. முக்காற் தட்டுச் சோறும் ஓரத்தில் இரு கறிகளும் என்ற எமது வழக்கத்தை மாற்றி, அரைத் தட்டு மரக்கறி என்று வைக்கும்படி இங்குள்ள வைத்தியர்கள் நீரிழிவு உள்ளோருக்குக் கூறுவது இதனாலேயே.

நாளொன்றுக்கு ஐந்து பங்கு பழமும் மரக்கறியும் என்பது நோர்வேயில் நெடுநாளாக வழங்கி வந்த அறிவுரை. ஒரு பங்கு என்பது ஏறத்தாழ 100 கிராம். நடுத்தர அப்பிள் ஒன்று, அல்லது பெரிய கரட் ஒன்று. 2023இல் வெளிவந்த வடபுல நாடுகளின் ஊட்டச்சத்துப் பரிந்துரை, நாளுக்கு 500 முதல் 800 கிராம் வரை என்று கூறுகிறது. உருளைக்கிழங்கு இந்தக் கணக்கிற் சேராது என்பதை எம்மவர் குறித்துக்கொள்ள வேண்டும். உருளைக்கிழங்குப் பிரட்டலைக் காட்டி "இதோ மரக்கறி" என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

ஐந்து பங்கு என்றதும் மலைப்பு எழலாம். ஆனால் கந்தசட்டிக் காலத்தில் எமது வீடுகளை எண்ணிப் பாருங்கள். விரதம் முடிக்கும் நாளில் ஐந்து மரக்கறிக்குக் குறைந்து எந்த வீட்டிலும் இலை போடுவதில்லை. அதே முறைவேலை, அதே களைப்பு, அதே அடுப்பு. அன்று முடிகிறது, மறுநாள் முடிவதில்லை. மரக்கறியை நாம் விரதத்துக்கு உரியதாகவும், இறைச்சியையும் மீனையும் மற்ற நாட்களுக்கு உரியதாகவும் பிரித்து வைத்துவிட்டோம். விரதச் சாப்பாடு என்றால் ஒருநாட் பொறுமை என்று எண்ணப் பழகிவிட்டோம். தடையாக நிற்பவற்றுள் நேரத்தைக் காட்டிலும் பெரியது இந்தப் பழக்கமே.

இன்னொரு தடையும் உண்டு. மரக்கறி என்றாலே எமது மனம் குரோன்லாண்ட் கடைகளில் அடுக்கியிருக்கும் முருங்கைக்காயையும் பாகற்காயையும் வெண்டிக்காயையுமே தேடுகிறது. அவை விமானத்தில் வந்து இறங்குபவை, விலை கூடியவை, கிழமைதோறும் வாங்கக் கட்டுப்படியாகாதவை. பக்கத்துக் கடையில் மலிவாகக் குவிந்து கிடக்கும் கோல்றூட்டையும் குறோன்கோலையும் "வெள்ளைக்காரரின் சாப்பாடு" என்று கடந்து போகிறோம்.

எமது சாப்பாடு என்பது எது? யாழ்ப்பாணத்துச் சமையலின் உயிரான மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. தக்காளியும் மரவள்ளியும் பப்பாப்பழமும் அன்னாசியும் அவ்வாறே கடல் கடந்து வந்தவை. நாம் ஊரிலிருந்து கொண்டு வந்ததாக நினைக்கும் கோவா, கரட், லீக்ஸ், பீற்றூட் ஆகியன 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் நுவரெலியாவின் குளிரிற் பயிரிட்டவை. எமது பாட்டிமார் அந்த அந்நிய இலையை அரிந்து, தேங்காய்ப்பூவும் மஞ்சளும் பச்சைமிளகாயும் சேர்த்து வறையாக்கினார்கள். அன்றிலிருந்து அது எமதாயிற்று. பாட்டிமார் நுவரெலியாவின் கோவாவுக்குச் செய்ததை, நோர்வேயின் கோல்றூட்டுக்கு நாம் செய்யக் கூடாதா?

நோர்வேஜியரும் பிறக்கும்போதே மரக்கறி உண்ணக் கற்றுப் பிறந்தவர்கள் அல்லர். இன்று அவர்களின் மேசையில் தவறாது இருக்கும் உருளைக்கிழங்கு 18ஆம் நூற்றாண்டிலேதான் இங்கு பரவியது. அதனைப் பயிரிடுமாறு மக்களுக்கு எடுத்துரைத்த மதகுருமாரை உருளைக்கிழங்குக் குருமார் என்றே வரலாறு அழைக்கிறது. 1907இல், அந்நாளிற் கிறிஸ்தியானியா எனப்பட்ட இதே ஒஸ்லோ நகரில், அக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் புறோலிக் என்ற இரு அறிஞர்கள் கப்பல் மாலுமிகளை வாட்டிய நோயொன்றை ஆராய்ந்தனர். தானியம் மட்டும் உண்ட கினிப்பன்றிகள் முரசு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கேர்வி நோய்க்கு ஆளாயின. கோவாவும் எலுமிச்சைச் சாறும் அந்நோயைத் தடுத்தன. விற்றமின் சி என்ற பெயர் தோன்றுமுன்னரே அதன் அருமை இவ்வாறு இந்நகரிற் புலப்பட்டது. 1930களில் கார்ல் சியோட்ஸ் என்ற வைத்தியரின் வழிகாட்டலில், இந்நகரப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு 'ஒஸ்லோக் காலையுணவு' வழங்கப்பட்டது. முழுத்தானியப் பாண், பால், பாற்கட்டி ஆகியவற்றுடன் பச்சைக் கரட்டோ கோல்றூட் துண்டோ அப்பிளோ தோடம்பழமோ ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைத்தது. கோல்றூட்டில் விற்றமின் சி நிறைந்திருப்பதால் அதற்கு இவர்கள் இட்ட பட்டப்பெயர் 'வடக்கின் தோடம்பழம்' என்பதாகும். ஆக, இந்த மக்களும் திட்டமிட்டே பழகிக்கொண்டார்கள். நாமும் பழகலாம்.

எவ்வாறு பழகுவது? நாமும் எமக்குத் தெரிந்த வீடுகளும் கைக்கொண்டு பலன் கண்டவற்றைச் சொல்கிறோம்.

குறோன்கோலின் தடித்த நரம்பை நீக்கி, இலையை முருங்கையிலை போல மிக நுண்ணியதாக அரியுங்கள். வெங்காயம், பச்சைமிளகாய், கடுகு தாளித்து, இலையையும் மஞ்சளையும் இட்டு, ஐந்து நிமிடம் கிளறி, தேங்காய்ப்பூச் சேர்த்து இறக்கித் தேசிக்காய் பிழியுங்கள். முருங்கையிலை வறைக்கு ஏங்கும் நாக்குக்கு இது பெரிதும் நெருங்கி வரும். கோல்றூட்டைச் சிறு துண்டுகளாக்கித் தேங்காய்ப்பாலில் வெள்ளைக்கறி வைக்கலாம்; அதன் இலேசான இனிப்பு பூசணிக்காயை நினைவூட்டும். பச்சையாகத் துருவி, வெங்காயமும் மிளகாயும் தேசிக்காயும் சேர்த்தால் அடுப்பே வேண்டாத சம்பல்.

நேரம் இல்லாதோர் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணித்தியாலத்தை ஒதுக்குங்கள். கரட், கோல்றூட், பூக்கோவா ஆகியவற்றை வெட்டி, சிறிது எண்ணெயும் மிளகாய்த்தூளும் மிளகும் பிரட்டி, அடுப்புத் தட்டிற் பரப்பி, 200 பாகை வெப்பத்தில் அரை மணி நேரம் வாட்டினால் மூன்று நாட்களுக்குப் போதும். உறைநிலையில் விற்கப்படும் கீரையையும் பட்டாணியையும் தாழ்வாக எண்ணாதீர்கள். அறுவடையானதும் உறைய வைக்கப்படுவதால் அவற்றின் சத்து பெரும்பாலும் காக்கப்படுகிறது. கழுவும் வேலையும் வெட்டும் வேலையும் மிச்சம். இறங்கும் பருப்பில் ஒரு பிடி கீரையை இட எத்தனை நேரம் செல்லும்? கத்தரிக்காயை எண்ணெயில் மிதக்கவிட்டுப் பொரிக்கும் வழக்கத்தை மட்டும் குறையுங்கள். அது குடிக்கும் எண்ணெய் கொஞ்சமல்ல.

பழத்தைப் பழமாகவே உண்ணுங்கள். போத்தற் சாற்றில் நார்ச்சத்து நீங்கி இனிப்பே மிஞ்சுவதால் நீரிழிவு உள்ளோருக்கு அது ஏற்றதன்று. வேலைக்குக் கொண்டுபோகும் பாண் பொதியுடன் ஓர் அப்பிளையும் கரட்டையும் வைத்தால் இரண்டு பங்கு பகலிலேயே முடிந்துவிடும்.

பிடியாத மரக்கறியை ஒருநாளில் வெல்ல முயல வேண்டாம். புதிய உணவொன்றை ஏற்கக் குழந்தைக்கு எட்டு, பத்துத் தடவையேனும் சுவைக்க வேண்டியிருக்கும் என்பர். வளர்ந்தவரின் நாக்குக்கும் அந்தத் தவணையைக் கொடுப்போம். முதல் நாள் ஒரு கரண்டி போதும். ஆனால் அதனைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளாதிருப்போம்.

ஓர் எச்சரிக்கை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மரெவான் மருந்தை உட்கொள்வோர் கீரை வகைகளைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. சிறுநீரக நோயுள்ளோரும், இன்சுலின் ஏற்றிக்கொள்வோரும் உணவை மாற்றுமுன் வைத்தியரிடம் கேட்பது அவசியம்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லி நிறைவு செய்கிறோம். 2007 முதல் இந்நாட்டின் இளநிலைப் பாடசாலைகளில் சட்டப்படி இலவசமாகப் பழம் வழங்கப்பட்டது; 2014இல் அந்தச் சட்டக் கடமை நீக்கப்பட்டது. அரசு தருவது அரசாங்கங்களுடன் மாறும். வீட்டு மேசை எமது கையிலேயே இருக்கிறது. எமது பிள்ளைகளுக்கு மொழியையும் பண்பாட்டையும் கொடுக்கக் குளிரிலும் மழையிலும் தமிழ்ப் பாடசாலைக்கு அழைத்துச் செல்கிறோம். எமது உடலின் நோயையும் அவர்களுக்கு முதுசமாகக் கொடுத்துவிடக் கூடாது.

சென்ற வாரம் அந்த வீட்டுக்காரருடன் தொலைபேசியிற் பேசினோம். கோல்றூட் வெள்ளைக்கறி இன்னும் அவருக்குப் பிடிக்கவில்லையாம். ஆனாலும் இதுவரை நான்கு தடவை உண்டுவிட்டாராம். எண்ணிக்கையைக் குறித்து வைப்பவள் மகள்.