சட்டந் துறந்தாரின் சட்டம்

ஒரு கலைஞனைக் கலகக்காரன் என்று சொல்லிவிட்டால், அவனுடைய கலையை ஆராயவேண்டிய தொல்லை நமக்கு இல்லாமற் போகின்றது. பெயரே விளக்கமாகிவிடுகின்றது. அமெரிக்கப் பாடகர் வெய்லன் ஜெனிங்ஸுக்கு நேர்ந்ததும் இதுவே. 1974ஆம் ஆண்டு செப்டெம்பரில் டெக்சஸ் மாநிலத்தின் டலஸ், ஒஸ்டின் ஆகிய இரு நகரங்களிலும் மக்கள் முன்னிலையில் அவர் பாடியதைப் பதிவுசெய்து, ‘வெய்லன் லைவ்’ என்னும் பெயரில் 1976இல் இசைத்தட்டாக வெளியிட்டார்கள். இன்றும் இரசிகர்கள் அதைத் தேடிக் கேட்கிறார்கள். ஏன் கேட்கிறார்கள் என்று வினவினால், “அவர் கட்டுகளை உடைத்தவர், அதனாற்றான்” என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். இந்த விடை பாதி உண்மை. மறுபாதியைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘கன்ட்ரி’ என வழங்கும் இசை அமெரிக்காவின் தென்மாநிலங்களிலே உழவரும் தொழிலாளரும் பாடிய பாட்டிலிருந்து கிளைத்தது. காலப்போக்கில் டெனசி மாநிலத்து நாஷ்வில் நகரம் அதன் தலைநகரமாயிற்று, இசை பெருந்தொழிலாயிற்று. 1970களில் அத்தொழிலின் முறைகளுக்குப் பணிய மறுத்த சிலரை ‘அவுட்லோ’ என்று அழைத்தார்கள். சட்டத்தின் கட்டையும் காப்பையும் ஒருங்கே இழந்தவன் என்பது அச்சொல்லின் பொருள். சட்டந் துறந்தார் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

அவர்கள் துறந்த சட்டம் எது? 1960களின் நாஷ்வில் முறையை அறிந்தாலன்றி இது விளங்காது. பாடகர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வருவார். எந்தப் பாட்டு, எந்த வேகம், யார் வாசிப்பது என்பவற்றைத் தயாரிப்பாளர் முடிவு செய்திருப்பார். அங்கே ஒரு சிறு குழுவினரே ஏறத்தாழ எல்லாப் பாடகருக்கும் வாசித்தார்கள்; அவர்கள் கைதேர்ந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. மூன்று மணி நேரத்தில் மூன்று நான்கு பாட்டுகள் முடிந்துவிடும். பின்னர் வயலின்களையும் கூட்டுக் குரல்களையும் அவற்றின்மேற் படரவிடுவார்கள். ஆண்டு முழுவதும் ஊர் ஊராகப் பாடகரோடு அலைந்த சொந்த வாத்தியக் குழுவினருக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை. ஆகவே ஊர் கேட்ட இசை வேறு, இசைத்தட்டில் ஒலித்த இசை வேறு என்றாயிற்று.

ஜெனிங்ஸ் 1965இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டு இம்முறைக்குள் வந்தவர். ஏழாண்டுகள் கழித்து, 1972இல், நீல் ரெஷன் என்னும் முகவரின் துணையோடு புதிய உடன்படிக்கை ஒன்றைப் பெற்றார். அவர் கேட்டதைக் கலகம் என்று கூறுதல் மிகை. தம் பாட்டைத் தாமே தெரிய வேண்டும்; தம்மோடு வழிநடக்கும் வாத்தியக்காரரே பதிவிலும் வாசிக்க வேண்டும். இவ்வளவே. பாடுகிறவன் என்ற முறையில் இவை அவனுக்கு இயல்பாகவே உரிய உரிமைகள். வழக்கம் பறித்ததை அவர் மீட்டார் என்பதே பொருந்தும்.

மீட்ட உரிமையின் பயனை 1973இல் வந்த ‘ஹொங்கி டொங்க் ஹீரோஸ்’ காட்டியது. ஆயினும் அதன் முழு வடிவத்தை அறிய விரும்புவோர் ‘வெய்லன் லைவ்’ இசைத்தட்டையே கேட்கவேண்டும். ரிச்சி ஒல்பிரைட்டின் முரசு சீராக நடக்கின்றது. அதன்மேல் ஜெனிங்ஸின் டெலிகாஸ்டர் கிட்டார் தடித்த குரலில் முழங்குகின்றது. ரால்ப் மூனி கால்மிதி பூட்டிய ஸ்டீல் கிட்டாரிலே சுரங்களை வளைத்துத் தருகின்றார். மூனி 1950களிலேயே பெயர் பெற்றிருந்தவர். தலைவருக்குப் பின்னே ஒதுங்கி நிற்காமல், ஒவ்வோரடி முடிந்ததும் பாடகருக்கு மறுமொழி கூறுவதுபோல் வாசிக்கின்றார். வயலின் படலமில்லை. பலநாள் பழகியவர் தமக்குள் உரையாடும் ஒலியே கேட்கின்றது. ஜெனிங்ஸ் 1937இல் டெக்சஸிலேயே பிறந்தவர். அன்று எதிரே இருந்தவர்கள் அவருடைய சொந்த மக்கள். அவர்களுடைய ஆரவாரமும் அந்த உரையாடலோடு கலந்துவிடுகின்றது.

இனி, அவர் அங்கே எவற்றைப் பாடினார் என்று பார்ப்போம். கட்டுடைத்தவர் என்ற கருத்து தடுமாறுவது இவ்விடத்திலேதான். கிரிஸ் கிரிஸ்டொபர்சன், வில்லி நெல்சன் ஆகிய சமகாலத்தவர் பாட்டுகள் உள்ளன, வியப்பில்லை. ஆனால் ‘டி ஃபோர் டெக்சஸ்’ ஜிம்மி ரொஜர்ஸ் 1927இல் தனிக் கிட்டாரோடு பாடிப் பதிந்தது. ‘த லாஸ்ட் லெட்டர்’ ரெக்ஸ் கிரிபின் 1937இல் பாடியது. ‘ஹவுஸ் ஒஃப் த ரைசிங் சன்’ ஆசிரியர் பெயரறியாத நாட்டுப்பாடல். பல பத்தாண்டுகளுக்கு முந்திய பாட்டுகளை எடுத்து, அவற்றின் எலும்பு முறியாமல், தம் காலத்து மின்கிட்டாரின் வலிமையை ஏற்றிப் பாடுகிறார். மரபை ஒழிக்க வந்தவன் செய்யும் வேலையா இது?

இதனினும் சிறந்த சான்று ‘பொப் வில்ஸ் இஸ் ஸ்டில் த கிங்’. இது ஜெனிங்ஸ் தாமே இயற்றிய பாட்டு. பொப் வில்ஸ் 1905இல் பிறந்த பிடில் வித்துவான். டெக்சஸ் நடன மண்டபங்களின் இசையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். 1974இல் ஒஸ்டின் நகரமோ வில்லி நெல்சனைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. அந்த நகரத்திலே நின்று, தம் உற்ற நண்பரான நெல்சனையும் சற்றே கிண்டல் செய்து, அரசர் இன்னும் பழையவரே என்று ஜெனிங்ஸ் பாடுகிறார். கூட்டம் ஆர்ப்பரிக்கின்றது. வில்ஸோ 1973 டிசெம்பரில் நோய்வாய்ப்பட்டு, நினைவிழந்து படுக்கையிற் கிடந்தார்; 1975 மே மாதத்திற் காலமானார். தம்மைப் பாடிய குரலை அவர் கேட்டிருக்க முடியாது. இந்த உண்மையை அறிந்தபின் அப்பாட்டின் குதூகலத்துக்கு அடியில் வேறொன்றும் ஒலிக்கின்றது.

நாஷ்வில் முறையை மறுத்தவர் அதனினும் முதிய ஒரு சட்டத்துக்குப் பணிந்தார் என்பதே எம் முடிபு. முன்னோர் பாட்டை மறவாதே, உன்னோடு நடப்பவரை விட்டுவிடாதே, எதிரே இருப்பவருக்காகப் பாடு என்பன அச்சட்டத்தின் விதிகள். இசைத்தட்டின் நிலைத்த கவர்ச்சிக்கு இந்தப் பணிவே காரணம்.

மேடைப்பதிவு என்றால் எல்லாம் மெய் என்று கொள்ளுதலும் தவறு. அதே டெக்சஸ் மேடையில் ஜெனிங்ஸ் தனியே பாடிய ‘குட் ஹார்ட்டட் வுமன்’ பாட்டிலே, பின்னர் கூடத்தில் நெல்சனின் குரலைச் சேர்த்து, இருவரும் ஒரே மேடையில் நின்றாற்போல ஆரவாரமும் கூட்டி வெளியிட்டார்கள். அது பெருவெற்றி பெற்றது. ஆகவே பச்சை உண்மை என்று எந்தப் பதிவையும் போற்ற வேண்டுவதில்லை. ஆனால் கேட்கத்தக்க வினா வேறு. எந்த ஒலியை ஒட்டினாலும் நாற்பது இரவுகளில் ஒருவரோடொருவர் பழகிய தாளத்தை ஒட்ட முடியுமா? ‘வெய்லன் லைவ்’ காப்பாற்றி வைத்திருப்பது அந்தத் தாளத்தையே.

சட்டந் துறந்தார் என்ற பெயரும் விரைவில் வணிகச் சரக்காயிற்று. 1976இல் அப்பெயரைத் தாங்கி வந்த ‘வோன்டட்! த அவுட்லோஸ்’ என்னும் தொகுப்பு, பத்து இலட்சம் விற்றதற்கான பிளாட்டினம் சான்றிதழைப் பெற்ற முதற் கன்ட்ரி இசைத்தட்டாயிற்று. சில ஆண்டுகளிலேயே ஜெனிங்ஸுக்கே சலித்துவிட்டது. இந்த அவுட்லோக் கதை அளவு கடந்துவிட்டதென 1978இல் பாட்டொன்றே வெளியிட்டார். முத்திரை குத்தியவர்கள் புதிய முத்திரை தேடிப் போனார்கள், இசை நின்றது.

ஜெனிங்ஸ் 2002இல் மறைந்தார். மறு ஆண்டில் அந்த மேடை நாட்களின் பதிவுகளை விரித்து 42 பாட்டுகளாக வெளியிட்டார்கள். முதலில் வந்தவை 11 மாத்திரமே. கேட்போருக்கு நாம் கூறுவது ஒன்றுண்டு. அட்டையிலுள்ள தாடியையும் தொப்பியையும் மறந்துவிட்டு, ரொஜர்ஸ் பாட்டை முதலிலும் வில்ஸ் பாட்டை அதன் பின்பும் கேளுங்கள். புதுமை செய்ய விரும்பும் நம் மாணாக்கர்க்கும், மரபு என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ்சுளிக்கும் நண்பர்க்கும், மரபென்ற பெயரால் வழக்கத்தைக் காத்துநிற்கும் ஆசிரியர்க்கும் அங்கே ஒரு பாடம் உண்டு. வழக்கம் வேறு, மரபு வேறு. முன்னதை மீறும் துணிவு பின்னதை ஆழ்ந்து கற்றவனுக்கே வாய்க்கின்றது.