பால்மரக் காட்டுப் படை
அன்றைய திருச்சி மாவட்டத்திலிருந்து மலாயா ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்கள் ஏராளம். 1943 அக்டோபர் 21-ல் சிங்கப்பூரில் நேதாஜி தற்காலிக அரசை அறிவித்தபோது அந்தப் பால்மரத் தொழிலாளர்கள் திரண்டு அவரது இந்திய தேசியப் படையில் சேர்ந்தார்கள். அதன் மகளிர் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பெண்களில் பலர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை! ஜப்பானோடு சேர்ந்தது சரியா என்று இன்றும் வாதிடலாம்; அதே ஜப்பானியர்தான் சயாம்-பர்மா ரயில் பாதை அமைக்கும் வேலையில் தமிழர்களைப் பலி கொண்டார்கள். ஆனாலும் தொழிலாளியின் துணிவை அந்த வாதத்துக்குள் அடக்கிவிட முடியாது. 1944-ல் இம்பாலில் படை தோற்றது. 1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் அப்படையின் அதிகாரிகள் மீது விசாரணை தொடங்கியதும் நாடே கொதித்தது. 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படையினர் கிளர்ந்தெழுந்தார்கள். இந்தியச் சிப்பாயை நம்பி இனி ஆள முடியாதென்று லண்டனுக்கு உறைத்தது. தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்தவர்களின் பெயர்களை அரசு ஊர்வாரியாகத் தொகுக்க வேண்டும், பேரப்பிள்ளைகளுக்கு நினைவிருக்கும்போதே.