கால்கட்டு போட்டால் திருந்திவிடுவானா?

கூலிக்குக் கொன்றே காலம் கழித்த ஒருவன், தலை நரைத்தபின் ஒருத்தியைச் சந்திக்கிறான். மனம் இளகுகிறது. "இதுதான் கடைசி" என்று இன்னொரு கொலைக்குக் கிளம்புகிறான். படம் ஹாங்காங்கிலிருந்து வந்தாலும் கோடம்பாக்கத்திலிருந்து வந்தாலும் நம் கண் அவனுக்காகவே கலங்குகிறது. முதுமையில் காதல் வருவதில் எனக்கு எந்த மனத்தடையும் இல்லை. 'பவர் பாண்டி'யில் (2017) ஸ்டன்ட் மாஸ்டராக வரும் ராஜ்கிரண் தன் முதல் காதலி ரேவதியைத் தேடிப் போவதை மனம் நிறைந்து பார்த்தேன். அந்த ஸ்டன்ட் மாஸ்டர் தன் ரத்தக்கறையைக் கழுவச் சொல்லி ரேவதியிடம் போகவில்லை. அன்பான ஒருத்தி வாய்த்தால் வன்முறையாளன் திருந்திவிடுவான் என்ற நம்பிக்கையைத்தான் நான் எதிர்க்கிறேன்.

ஜூரோங்கில் 1971 முதல் 1985 வரை காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளி அரங்கு ஒன்று இருந்தது. சிங்கப்பூரிலேயே அது ஒன்றுதான். அது மூடி நாற்பது ஆண்டாகிறது. திரை ஊட்டி வளர்த்த அந்த நம்பிக்கைக்கு மட்டும் வயதாகவில்லை. குண்டர் கும்பலோடு சுற்றும் பையனைப் பற்றிப் பேச்சு வந்தால், "ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடுவான்" என்று கோப்பிக்கடையில் இன்றும் சொல்கிறார்கள். கட்டுவது யார் வீட்டுப் பெண்ணை?

ஜான் வூவின் 'தி கில்லர்' (1989) படத்தைப் பாருங்கள். கொலைகாரன் நடத்தும் துப்பாக்கிச் சண்டையில் ஒரு பாடகியின் பார்வை பாழாகிறது. தன்னைக் குருடாக்கியவன் இவன்தான் என்று தெரியாமலே அவள் அவனைக் காதலிக்கிறாள். அவள் கண்சிகிச்சைக்குப் பணம் தேட அவன் இன்னும் ஓர் உயிரை எடுக்கிறான். இதைத் தியாகம் என்று கொண்டாடுகிறோம். அவள் இழந்த பார்வை, அவன் மனசாட்சிக்கு மெருகு போட மட்டுமே அங்கே பயன்படுகிறது.

தமிழில் இதைவிட நேர்மையான படங்கள் உண்டு. 'நாயகன்' (1987) வேலு நாயக்கரை மனைவி நீலாவின் அன்பு மாற்றவில்லை. அவர் சேர்த்துவைத்த பகைக்கு அவள்தான் பலியாகிறாள். 'ஆரண்ய காண்டம்' (2011) இன்னும் துணிச்சலானது. கிழட்டுத் தாதா சிங்கப்பெருமாள் அடைத்துவைத்திருக்கும் சுப்பு அவனைத் திருத்த முயல்வதே இல்லை. தப்பிக்க வழி தேடுகிறாள், தப்பிக்கிறாள். அந்தப் படத்தைக் கொண்டாடியவர்கள்கூட அவள் பக்கம் நின்று அதிகம் பேசவில்லை என்பது என் வருத்தம்.

திருமணம் ஆண்களைக் குற்றத்திலிருந்து விலக்குகிறது என்று ஆய்வே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பாஸ்டன் நகரின் சீர்திருத்தப் பள்ளிச் சிறுவர்களை முதுமைவரை தொடர்ந்த லாப், சாம்ப்சன் ஆகியோரின் ஆய்வு, மணவாழ்வில் இருந்த காலத்தில் குற்றம் செய்யும் வாய்ப்பு சராசரியாக 35 விழுக்காடு குறைந்தது என்கிறது. அவர்கள் சொல்லும் காரணங்களையும் படிக்க வேண்டும். பழைய கூட்டாளிகளோடு கழியும் நேரம் குறைகிறது, அன்றாடம் ஓர் ஒழுங்குக்கு வருகிறது, கண்காணிக்க வீட்டில் ஓர் ஆள் இருக்கிறாள். அந்தக் கண்காணிப்பு, சம்பளமில்லாமல் ஒரு பெண் ஆண்டுக்கணக்கில் பார்க்கும் வேலை. அவன் மாறாவிட்டால் முதல் அடி விழுவதும் அவள்மேல்தான்.

சிறைக்குப் போய்வந்தவனுக்கு மணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2004இல் சிங்கப்பூரில் தொடங்கிய மஞ்சள் ரிப்பன் திட்டம், அவனுக்கு வேலையும் மறுவாய்ப்பும் தரும்படி முதலாளிகளையும் அண்டை அயலாரையும், ஊர் முழுவதையும்தான் கேட்டது. ஊர் சுமக்க வேண்டியதை இருபத்தைந்து வயதுப் பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டு, மொய் எழுதி, சாப்பிட்டுக் கலைந்துபோகிறோம்.

அடுத்த முறை அப்படி ஒரு சம்பந்தம் பேச வரும்போது, அவன் கும்பலை விட்டு எவ்வளவு காலமாகிறது, எங்கே வேலை செய்கிறான் என்று பையன் வீட்டாரிடம் நேராகக் கேளுங்கள். அவனுடைய கடந்த காலம் முழுவதையும் பெண்ணிடம் சொல்லுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவன் கை நீட்டினால், "போகப் போகச் சரியாயிடும்" என்று அவளைத் திருப்பி அனுப்பாதீர்கள். மாதர் சாசனத்தின்கீழ் பாதுகாப்பு ஆணை கேட்டு நீதிமன்றம் போகும் அவளோடு நீங்களும் போங்கள்.