பிரட்டுக் களமும் கற்றல் சமூகமும்

கினிகத்தேனையில் பேருந்துக்காகக் காத்திருந்த ஒரு மாலை, மழைக்கு ஒதுங்கிய தேநீர்க் கடையில், உள்ளகப் பயிற்சியிலிருக்கும் ஆசிரிய மாணவி ஒருவர் தமது கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "எங்கட கற்றல் சமூகத்தைப் பாருங்க, சேர்" என்றார். குரலில் கேலி இருந்தது. அந்த வாட்ஸ்அப் குழுவின் பெயரே அதுதான். சுற்றறிக்கை ஒன்று, கீழே வரிசையாக "நன்றி சேர்". நாளை காலைக்குள் படிவம் அனுப்பும்படி உத்தரவு. மீண்டும் "நன்றி சேர்". கற்பித்தலைப் பற்றி ஒரு வரி இல்லை.

தோட்டத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தைக் கைத்தொலைபேசிக்குள் கொண்டுவந்துவிட்டு, அதற்குக் கற்றல் சமூகம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

கல்வியியற் கல்லூரிகள் 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானவை. முதல் இரண்டு ஆண்டுகள் விடுதி வாழ்க்கை. மூன்றாம் ஆண்டு பாடசாலையில் பயிற்சி. பத்தனை ஸ்ரீபாத கல்லூரியின் விடுதியில் இரவிரவாகப் பேசித் தீர்த்த பிள்ளைகள், மூன்றாம் ஆண்டில் தோட்டத்துக்கு ஒருவராகச் சிதறிப்போகிறார்கள். பேச்சுத்துணை தேவைப்படும் ஆண்டும் அதுதான். ஆகவே இணையவழிக் கலந்துரையாடலை நான் எதிர்க்கவில்லை. அதன் பெயரால் நடப்பதையே எதிர்க்கிறேன்.

ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991இல் வெளியிட்ட நூலில் லைபீரியத் தையற்காரர்களைப் பற்றி எழுதினார்கள். அங்கே தொழில் பழகுபவன் பொத்தான் தைப்பதிலும் விளிம்பு மடிப்பதிலும் தொடங்குகிறான். துணி வெட்டுவது பின்னரே. பிழைவிட்டாலும் பெருநட்டம் வராத இடத்தில் முதலில் கைவைக்க விடுகிறார்கள். நம்மவர்களோ புள்ளியிடும் விரிவுரையாளரையே குழுவின் நிருவாகியாக அமர்த்துகிறார்கள். அவர் பார்த்திருக்க, "இன்று என் பாடம் குழம்பிவிட்டது" என்று எந்தப் பிள்ளை எழுதும்?

மேற்பார்வை இல்லாவிடில் அரட்டை அடிப்பார்கள் என்பது அதிகாரிகளின் வாதம். அடிக்கட்டுமே! ஆசிரியர் ஓய்வறைகளில் வேறென்ன நடக்கிறது?

அந்த மாணவி இன்னொரு குழுவையும் காட்டினார். நால்வர் மட்டுமே. கரும்பலகையின் படமொன்று, கீழே, "அரையையும் காலையும் கூட்டினால் ஆறில் இரண்டு என்கிறார்கள். நீங்கள் எப்படி விளக்கினீர்கள்?" பதினேழு பதில்கள். ரொட்டியை வெட்டிக் காட்டியவர், கடதாசியை மடித்தவர், அதுவும் சரிவரவில்லை என்று ஒப்புக்கொண்டவர்.

இக்குழுவைக் கல்லூரிக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார்கள். டேட்டாச் செலவும் அவர்களுடையதே. விரிவுரையாளர்கள் புள்ளிப் புத்தகத்தை வெளியே வைத்துவிட்டு, தாம் சொதப்பிய ஒரு பாடத்தோடு இத்தகைய குழுவுக்குள் வரட்டும். செலவைக் கல்வி அமைச்சு ஏற்கட்டும்.