சிரிப்பு வராத நகைச்சுவை

போன கிழமை குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த பெடியன் கேட்டான், "அண்ணை, 'த பெயார்' நகைச்சுவைத் தொடராம், பார்த்தனீங்களோ?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தொடரால் எனக்கு வந்த முதல் சிரிப்பு அதுதான்.

பார்க்காதவர்களுக்கு: தற்கொலை செய்துகொண்ட தமையனின் சான்ட்விச் கடையை எடுத்து நடத்த சிக்காகோவுக்குத் திரும்பி வருகிற ஒரு சமையற்காரனின் கதை. 2022 இல் தொடங்கியது. கடன், கத்தல், காயம். ஓடர் அடிக்கிற மெசின் நிற்காமல் கடதாசி கக்கிக்கொண்டே இருக்கிற இடம் ஒன்று வரும். அதைப் பார்த்துவிட்டு ரீவியை நிற்பாட்டிப்போட்டு பல்கனியில் போய் நின்றேன். பதினைந்து வருசத்துக்கு மேலாக ரொறன்ரோவில் கோப்பை கழுவி, பிறகு அடுப்படிக்கு வந்தவன் நான். வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு அந்தச் சத்தம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

இதற்குத்தான் எம்மியில் நகைச்சுவைப் பரிசு. வேலைநிறுத்தங்களால் தள்ளிப்போய் 2024 ஜனவரியில் நடந்த விழாவில் சிறந்த நகைச்சுவைத் தொடர் உட்பட 10 விருதுகள். அதே வருசம் செப்ரெம்பரில் இன்னும் 11. செப்ரெம்பர் விழாவை நடத்திய எங்கட கனடாக்காரர், யூஜின் லெவியும் மகன் டான் லெவியும், மேடையிலேயே இதை வைத்துப் பகிடி விட்டார்கள்.

விசயம் இதுதான். அரை மணித்தியாலத் தொடர் என்றால் நகைச்சுவை, ஒரு மணித்தியாலம் என்றால் நாடகம் என்று 2015 இல் விதி வைத்தார்கள். 2021 கடைசியில் அதை எடுத்துவிட்டு, எந்தப் பிரிவு என்று தயாரிப்பாளரே கேட்கலாம் என்றார்கள். நாடகப் பிரிவில் அந்த ஜனவரியில் நின்றது 'சக்செஷன்'. அதோடு போய் மோத அவர்களுக்கென்ன விசரா? நட்டப்பட்டது 'அபட் எலிமென்ரறி'. பிலடெல்பியாவில் காசில்லாத அரசாங்கப் பள்ளிக்கூடத்து வாத்திமாரைப் பற்றி உண்மையாகவே சிரிக்க வைக்கிற தொடர். அதன் நாயகி குவின்ரா பிரன்சனுக்கு அன்று நடிப்புக்கு விருது கிடைத்தது. தொடருக்குக் கிடைக்கவில்லை.

'பெற்றர் கோல் சோல்' 2015 முதல் 2022 வரை ஓடியது. 53 தரம் நியமனம், ஒரு விருதும் இல்லை. 'த வயர்' நிலைமை அதைவிட மோசம். 2002 முதல் 2008 வரை 60 அத்தியாயங்கள். முழுக் காலத்திலும் இரண்டே இரண்டு நியமனம், இரண்டும் எழுத்துக்கு. நடித்தவர்களில் ஒருவரைக்கூடக் கணக்கில் எடுக்கவில்லை. பெரும்பாலும் கறுப்பின நடிகர்கள், ஹொலிவூட்டுக்குத் தூரமான போல்ரிமோர், இடையில் ஒரு கிழமை விட்டால் விளங்காத கதை. அதன் நான்காவது சீசன், பள்ளிக்கூடம் கைவிட்ட பெடியங்களைப் பற்றியது, 2006 இல் வந்தது. (நான் யாழ் கம்பசைப் பாதியில் விட்ட வருசமும் அதுதான். ஆனபடியால் நான் நடுநிலையாளன் இல்லை.) அதற்கு ஒரு நியமனமும் இல்லை.

வாக்குப் போடுகிறவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. வேலைக்குப் போய் வருகிற சனம். எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லை, விளம்பரத்தில் அடிக்கடி கண்ட பெயருக்குப் புள்ளடி போடுகிறார்கள். நான் முந்தி வேலை செய்த ஒரு இடத்தில் மாதத்தின் சிறந்த ஊழியர் என்று சுவரில் படம் மாட்டுவார்கள். ஐந்து வருசத்தில் ஒரு கோப்பை கழுவுகிறவனின் முகத்தை நான் அங்கே காணவில்லை. முதலாளி குசினிக்குப் பின்பக்கம் வருவதே இல்லை, பிறகெப்படி?

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்த செப்ரெம்பரில் லிசா கொலோன்-சயாஸ் துணை நடிகை விருதை வாங்கினார். 'த பெயாரில்' வயது போன சமையற்காரி ரீனாவாக வருகிறவர். நகைச்சுவைத் துணை நடிகை விருதை வென்ற முதல் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண். அடுத்தநாள் எங்கட குசினியில் எல் சல்வடோர் அக்கா ஒருவர் அந்த வீடியோவைப் போனில் போட்டு, ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துத் துடைத்து எல்லாருக்கும் காட்டினார். எனக்கு இரண்டு தரம் காட்டினார். நகைச்சுவையா நாடகமா என்ற என்ர கதையை நான் அன்று எடுக்கவில்லை.