இரவை இரவாகவே படமெடுப்போம்

டிசம்பர் விடுமுறை முடிந்ததும் நம் இன்ஸ்டகிராம் பக்கங்கள் வெளிநாட்டு இரவுகளால் நிரம்பிவிடுகின்றன. தோக்கியோ, சோல், பேங்காக், ஹாங்காங் என ஊர்ப் பெயர்தான் மாறுகிறது. படங்களோ ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்கின்றன. வானம் கருநீலம், சுவர்கள் பளிச், சந்துகளில் ஓர் இருட்டு மூலைகூடக் கிடையாது. இரவு பதினொரு மணிக்கு எடுத்த படம் அந்திப் பொழுதில் எடுத்ததைப்போல் தெரிகிறது.

இதில் என்ன தவறு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். படம் தெளிவாக இருந்தால் போதாதா? போதாது என்பதே என் கருத்து. வெளிநாட்டு நகரில் இரவு நடை போகும்போது முக்காலியை அறையிலேயே விட்டுவிடலாம். திறன்பேசியின் ‘நைட் மோட்’ வசதியையும் அவ்வப்போது அணைத்து வைக்கலாம். கையில் பிடித்து, இருட்டை இருட்டாகவே விட்டு எடுக்கப் பழகுவோம். படம் சற்று ஆடினாலும் குற்றமில்லை.

‘நைட் மோட்’ எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம். கூகலின் பிக்சல் திறன்பேசிகளில் 2018லும் ஐஃபோனில் 2019லும் வந்த வசதி இது. நாம் பொத்தானை ஒருமுறைதான் அழுத்துகிறோம். கருவி அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, புள்ளிகளை நீக்கி, நிழல்களுக்கு வெளிச்சம் கூட்டி, வண்ணத்தைத் திருத்தி ஒரே படமாகத் தருகிறது. விலையுயர்ந்த கேமரா வாங்க முடியாத மாணவருக்கு இது பெரிய வரம்தான். மங்கலான உணவகத்தில் பாட்டியின் பிறந்தநாளைப் படமெடுக்க நானும் இதைத்தான் பயன்படுத்துவேன்.

ஆனால், எவ்வளவு இருட்டு இருக்கவேண்டும், சுவர் எந்த நிறத்தில் இருக்கவேண்டும் என்பதை எடுப்பவருக்குப் பதிலாகக் கருவியே முடிவு செய்துவிடுகிறது. சில இடங்களில் அந்த முடிவுக்கு விலை அதிகம்.

ஹாங்காங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரிலிருந்து நான்கு மணி நேர விமானப் பயணம். பரிமாற்றத் திட்டத்தில் நம் மாணவர் பலர் செல்லும் ஊர். கவ்லூனில் சிம் ஷா சூய் தொடங்கி மொங் கொக் தாண்டிச் செல்லும் நேத்தன் சாலை ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர் நீளம். ஒரு காலத்தில் அதன் இரு பக்கமும் நியான் பெயர்ப் பலகைகள் தெருவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. அடகுக் கடை, உணவகம், நகைக் கடை என ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம். சீன எழுத்துக்கலை தெரிந்தவர் எழுதித் தர, அதைப் பார்த்துக் கைவினைஞர் கண்ணாடிக் குழாயை நெருப்பில் காட்டி வளைப்பார். சிவப்புக்கு நியான் வாயு. மற்ற பல நிறங்களுக்கு ஆர்கானும் பாதரசமும் குழாயின் உட்பூச்சும்.

இன்று அவை வேகமாகக் குறைந்து வருகின்றன. தெருவுக்கு மேலே தொங்கும் பலகைகள் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படவில்லை என்று அகற்றப்படுகின்றன. மின்சாரம் குறைவாகச் செலவாகும் எல்இடி பலகைகள் அவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன. சாய் யிங் புன் வட்டாரத்தில் ஓர் உணவகத்தின் வாசலில் 1970களிலிருந்து தொங்கிய நியான் பசு 2015ல் இறக்கப்பட்டது. இப்போது அது எம் பிளஸ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அருங்காட்சியகம் பலகையைக் காப்பாற்றலாம். அது நனைந்த தார்ச்சாலையில் சிந்திய வெளிச்சத்தையும், அதன் கீழே நடந்தவரின் தோளில் விழுந்த சிவப்பையும் தெருவில் எடுத்த படங்கள்தான் காப்பாற்றவேண்டும்.

அங்கேதான் தானியங்கித் திருத்தம் நம்மை ஏமாற்றுகிறது. சிவப்பு ஒளியில் தோய்ந்த சுவரைக் கண்டதும் அதை வெள்ளையை நோக்கி இழுக்கப் பார்க்கிறது கருவி. சுற்றியிருக்கும் இருட்டுக்கும் வெளிச்சம் ஏற்றுகிறது. இருட்டு போனால் நியானின் வலிமையும் போய்விடும். இருபது ஆண்டுகள் கழித்து அந்தத் தெரு எப்படி இருந்தது என்று ஒருவர் தேடும்போது, அவருக்குக் கிடைப்பது அங்கே என்றுமே இல்லாத ஓர் இரவு.

சரி, எப்படி எடுப்பது? பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. முதலில் லென்சைத் துடையுங்கள். விரல்ரேகையும் அங்காடி எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் ஒவ்வொரு விளக்கும் வால் முளைத்துத் தெரியும். பெயர்ப் பலகையைத் திரையில் தொட்டு, வெளிச்ச அளவைக் கீழே இறக்குங்கள். வெளிச்சம் கூடினால் எழுத்து நிறமிழந்து வெள்ளையாகிவிடும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, தூணிலோ சுவரிலோ சாய்ந்து, மூச்சை மெல்ல விட்டபடி அழுத்துங்கள். ஒன்றுக்கு மூன்றாக எடுத்தால் ஒன்றாவது நிலையாக அமையும். தனிக் கேமரா வைத்திருப்பவர்கள் 1/50 அல்லது 1/100 நொடியில் தொடங்கலாம். அங்கும் நம் ஊரைப்போல் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்பதால் விளக்குகளின் துடிப்பு படத்தில் பட்டைபட்டையாக விழுவதை இது குறைக்கும். ஐஎஸ்ஓ 1600, 3200 என ஏறினால் புள்ளிகள் வரும். வரட்டும்.

மங்கலும் ஆட்டமும் குறைபாடு என்று நினைப்பவர்கள் வொங் கார்-வாய் இயக்கி 1994ல் வெளிவந்த ‘சுங்கிங் எக்ஸ்பிரஸ்’ படத்தைப் பார்க்கலாம். அதன் முற்பகுதியில் சுங்கிங் மேன்ஷன்ஸ் கட்டடத்தின் நெருக்கமான வழிகளில் கேமராவைக் கையில் பிடித்தே ஓடினார்கள். மனிதர்கள் வண்ணக் கீற்றுகளாக இழுபடும் அந்தக் காட்சிகளுக்காகவே இன்றும் அப்படம் பேசப்படுகிறது.

அதே கட்டடம் இன்னொன்றையும் நமக்குச் சொல்கிறது. தெற்காசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த வணிகர்களும் கடை ஊழியர்களும் அங்கே நிறைய. அடைக்கலம் கேட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களும் அங்கே வந்துபோகிறார்கள். அவர்களுக்கு வேலை செய்யவே அனுமதி இல்லை. அப்படிப்பட்ட ஒருவரின் முகத்தைத் துல்லியமாக எடுத்து, இடத்தின் பெயரோடு இணையத்தில் போடுவது நமக்கு ஒரு நல்ல படம். அவருக்கு அதுவே ஆபத்தாகலாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் புல்தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் வெளிநாட்டு ஊழியர்களைச் சுற்றுப்பயணிகள் கேட்காமலே படமெடுப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அது நமக்கு உறுத்துகிறதென்றால் வெளியூரில் நாமும் அதைச் செய்யக்கூடாது. முகம் தேவையென்றால் கேட்டு எடுப்போம். கேமராவைக் காட்டிப் புன்னகைத்தாலே பாதிக் கேள்வி முடிந்துவிடும். கேட்க முடியாத கூட்டத்தில் 1/15 நொடிக்கு இறக்கி எடுத்தால், நடப்பவர்களின் உருவம் கலைந்து தெருவின் அசைவு மட்டும் மிஞ்சும்.

முக்காலியை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கும் காரணம் மனிதர்கள்தான். மொங் கொக்கின் நடைபாதைகளில் இருவர் ஒன்றாக நடப்பதே சிரமம். அங்கே மூன்று கால்களை ஊன்றி வழியை மறித்து, “கொஞ்சம் விலகுங்கள்” என்று ஊர்க்காரர்களிடம் சொல்ல விருந்தாளிக்கு என்ன உரிமை?

“நாங்கள் நினைவுக்காகத்தானே எடுக்கிறோம், ஆவணத்துக்காக இல்லையே” என்று சிலர் சொல்லலாம். கோல்டன் மைல் காம்ப்ளெக்சிலிருந்து கடைக்காரர்கள் 2023ல் வெளியேறியபோது, சாதாரண மக்கள் எப்போதோ எடுத்து வைத்திருந்த படங்களே அந்த இடத்தின் வரலாறாக மாறின. எந்தப் படம் நாளை ஆவணமாகும் என்று எடுக்கும்போது யாருக்கும் தெரியாது.

ஆகவே அடுத்த பயணத்தில் ஒரே ஓர் இரவையாவது இதற்காக ஒதுக்குங்கள். துணைக்கு ஒரு நண்பரை அழைத்துக்கொள்ளுங்கள். ‘நைட் மோட்’ இல்லாமல் இருபது படங்கள் போதும். ஒவ்வொன்றின் கீழும் தெருப் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். அவற்றில் பாதி ஆடியிருக்கலாம். மீதிப் பாதியில், நீங்கள் நின்ற தெரு நீங்கள் பார்த்த இருட்டோடு இருக்கும்.