வண்டிக்கு என்ன ஆச்சு?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டி, மாமல்லபுரத்துக்கு முன்னால், ரோடு முழுக்க மீன் கிடந்தது. சங்கராவும் கானாங்கெளுத்தியும், நடுவில் ஐஸ் கட்டிகள். ஒரு டிவிஎஸ் எக்ஸெல் சாலையோர மணலில் சாய்ந்து கிடந்தது. எங்கள் குழுவின் பைக் ஒன்று மீடியனை ஒட்டிப் படுத்திருந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தரையில் கிடந்தார். முழங்காலுக்குக் கீழே அவருடைய கால் இருக்க வேண்டிய திசையில் இல்லை. எங்கள் ஆள் கையுறையைக் கழற்றிக்கொண்டு எழுந்து நின்றிருந்தான். ஜாக்கெட் கிழிந்திருந்தது, மற்றபடி ஒன்றுமில்லை.

நாங்கள் பதினோரு வண்டி. நான் ஸ்வீப், அதாவது யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொண்டு கடைசியில் வருபவன். வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, ஓடிப்போய் நான் கேட்ட முதல் கேள்வி இது: "மச்சி, வண்டிக்கு என்ன ஆச்சு?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. கேட்டவன் நான்தான் என்பதால் இதை எழுதும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் குழுவில் வேறு யார் முதலில் ஓடிப்போயிருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு தப்பான வாதத்தை ஒதுக்கிவிடுகிறேன். என் இலக்கிய நண்பர்களுக்கு பைக் ஓட்டிகளின் பேச்சு என்றாலே இளக்காரம். "செயின் லூப் எது நல்லது, டயர் ப்ரஷர் எவ்வளவு, இதை எப்படிடா மூணு மணி நேரம் பேசுறீங்க?" என்பார்கள். பேசலாம், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மனிதர்கள் பேசும் பேச்சில் ஒரு பெரும்பகுதி தகவல் சொல்வதற்காக இல்லை, ஒருவரோடு ஒருவர் சேர்ந்திருப்பதற்காக என்பது அவர் பார்வை. 'சாப்டாச்சா?' என்று கேட்பவர் நம் வயிற்றின் நிலவரத்தை விசாரிக்கவில்லை. செயின் லூப் பேச்சும் அப்படித்தான். மரக்காணம் உப்பளங்கள் பக்கம் ஒருமுறை என் டயர் பஞ்சரானபோது, முன்பின் தெரியாத ஒருவர் நிறுத்தி, தன் பஞ்சர் கிட்டை எடுத்துக் கொடுத்து, முக்கால் மணி நேரம் வெயிலில் கூடவே நின்றார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. எந்த ஆயில் ஊற்றுகிறார் என்று தெரியும். இலக்கியக் கூட்டம் முடிந்து இரவு பதினோரு மணிக்குக் கிளம்பினால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாயா என்று எவனும் கேட்டதில்லை. பைக் குழுவில் பதினோரு பேரும் 'ரீச்டு' என்று போடும்வரை யாரும் தூங்கப் போவதில்லை.

ஆகவே என் சண்டை பேச்சோடு இல்லை. அந்தப் பேச்சுக்கு மேலே 'பிரதர்ஹுட்' என்று ஒரு போர்டு மாட்டியிருக்கிறோமே, அதோடுதான்.

இந்தப் போர்டு எங்கிருந்து வந்தது? ஹார்லி டேவிட்சன் கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்த காலத்தில், 1981இல், அதன் அதிகாரிகளே சேர்ந்து ஏஎம்எஃப் நிறுவனத்திடமிருந்து அதை வாங்கினார்கள். இரண்டு வருடம் கழித்து, 1983இல், வாடிக்கையாளர்களுக்காக ஹார்லி ஓனர்ஸ் குரூப் என்ற சங்கத்தைக் கம்பெனியே தொடங்கியது. அதற்கு முன்பும் பைக் ஓட்டிகள் கூடினார்கள், நட்பாக இருந்தார்கள். ஆனால் வண்டி வாங்கினால் சகோதரர்களும் சேர்ந்தே கிடைப்பார்கள் என்பது ஒரு வியாபார முறையாக ஆனதில் 1983க்குப் பெரிய பங்கு உண்டு. இன்று எல்லாக் கம்பெனிகளும் இதைச் செய்கின்றன. ரைடு, திருவிழா, ஜாக்கெட், பேட்ஜ். நட்பு பொய் என்று நான் சொல்லவில்லை. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற எல்லைக்கோட்டை ஷோரூம்காரன் போட்டுக் கொடுத்திருக்கிறான், நாமும் அதைத் தாண்டுவதில்லை என்கிறேன்.

சந்தேகம் இருந்தால் அடுத்த ஞாயிறு ஈசிஆரில் போய்ப் பாருங்கள். எதிரே ஒரு டூரிங் பைக் வந்தால் நம் இடது கை தானாக எழும். அவனும் கை காட்டுவான். அழகான விஷயம். எதிரே எக்ஸெல் வந்தால் கை எழாது. டிவிஎஸ் 50 ஓசூரிலிருந்து 1980இல் வந்தது. இன்று அதன் வாரிசான எக்ஸெல் 100இன் எஞ்சின் நூறு சிசிகூட முழுதாக இல்லை. அதில் பின்னால் ஐஸ் பெட்டி, முன்னால் கூடை, ஹேண்டிலில் தராசு. மீன் விற்பவர் அதை மழை வெயில் பாராமல் தினமும் ஓட்டுகிறார். நாம் வருடத்துக்கு ஒருமுறை லடாக் போய்வந்து அதை வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இரண்டு பேரில் யார் ரைடர்? கிலோமீட்டர்தான் கணக்கு என்றால் நம் குழுவின் தலைவராக அவரைத்தான் போடவேண்டும்.

வண்டி செய்பவனும் இந்தக் கோட்டுக்கு வெளியேதான். இங்கிருந்து பக்கம்தான் ஒரகடம். 2018 செப்டம்பரில் அங்கே ராயல் என்ஃபீல்டு தொழிலாளர்களும் யமஹா தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிற்சங்க உரிமை அதில் முக்கியமான பிரச்சினை. நாம் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துப்போடும் வண்டியை நட்டு நட்டாகப் பூட்டியவர்கள் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் குழுவில் அதைப் பற்றி வந்த கேள்வி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது: "டெலிவரி லேட் ஆகுமா ப்ரோ?" வண்டிக்கு என்ன ஆச்சு என்பதன் இன்னொரு வடிவம்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மீன்காரர் ஊருக்குள் போகும் சந்திலிருந்து திடீரென்று ஏறினார். இண்டிகேட்டர் போடவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. உண்மை. "ராங் சைடு அவர்தான்" என்று அன்று பத்துப் பேரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நான் கோடு எழுதிப் பிழைப்பவன், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ஆபத்தைப் பார்த்து பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி ஆகிறது என்று வைப்போம். நல்ல டயர், காய்ந்த ரோடு, ஏபிஎஸ், எல்லாம் சேர்ந்து வினாடிக்கு வினாடி 7 மீட்டர் என்ற அளவில் வேகம் குறைகிறது என்று வைப்போம். 60 கிமீ வேகத்தில் வருபவன் சுமார் 37 மீட்டரில் நின்றுவிடுவான். 100இல் வருபவனுக்கு அந்த ஒரு வினாடியிலேயே 28 மீட்டர் போய்விடும். 60இல் வந்தவன் காலை ஊன்றி நின்று மீன்காரரைத் திட்டிக்கொண்டிருக்கும் அதே இடத்தை, 100இல் வந்தவன் 90க்கு மேற்பட்ட வேகத்தில் கடந்துகொண்டிருப்பான். பாதி வேகம்கூடக் குறைந்திருக்காது. எங்கள் ஆள் நூறுக்கு மேல் வந்தான். பின்சக்கரத்தின் ஓரத்தில் இடித்ததால் கால் போனது. இரண்டடி முன்னால் இடித்திருந்தால் ஆள் போயிருப்பார்.

ஒன்றிய அரசின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்தார்கள். அதில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். நடந்துபோனவர்கள் 19.5 சதவீதம். பத்தில் ஏழு சாவுக்கு அதிவேகம்தான் காரணம் என்று அறிக்கை சொல்கிறது. அந்தச் சதவீதத்துக்குள் நாமும் இருக்கிறோம், எக்ஸெல்காரரும் இருக்கிறார். சாவில் மட்டும் நாம் ஒரே குழு.

அவன் அப்படி ஓட்டுவான் என்று எங்களுக்குத் தெரியாதா? எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும். நாங்கள் அதற்கு வைத்திருந்த பெயர் 'வேற லெவல்'. முட்டுக்காடு பாலத்தில் அவன் என்னை ஓவர்டேக் செய்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. டீக்கடையில் அவனிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "செம கன்ட்ரோல் மச்சி." எந்த ஆயில், எந்த பிரேக் பேட், எந்தக் கையுறை என்று மணிக்கணக்காக அறிவுரை சொல்லிக்கொள்ளும் நாங்கள், 'நீ ஓட்டுறது பயமா இருக்குடா' என்ற ஒரு வரியைச் சொல்லவில்லை. சொன்னால் அங்கிள் ஆகிவிடுவோம். அப்படிச் சொல்ல முடியாத உறவுக்குச் சகோதரத்துவம் என்று பேர். என் சொந்த அண்ணன் வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் அறுபதைத் தாண்டியதும் மண்டையில் தட்டுவார்.

அன்று மதியம் குழுவில் வந்த மெசேஜ்களைப் பின்னால் உட்கார்ந்து எண்ணினேன். நூற்று நாற்பதுக்கு மேல். ஃபோர்க் விலை, அலாய் வீல் வளைந்தால் நிமிர்த்தலாமா மாற்றணுமா, இன்சூரன்ஸில் எவ்வளவு வரும், கிராஷ் கார்டு நல்லாத் தாங்கியிருக்கு. மீன்காரரைப் பற்றி மூன்று. "அந்த ஆள் ஓகேவா?" "108ல போயிட்டார்." அதற்கு ஒரு கட்டைவிரல்.

ஒன்பது நாள் கழித்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். பெரிய மனசு ஒன்றுமில்லை, தூக்கம் வரவில்லை. காலில் கம்பி வைத்திருந்தார்கள். நான் யார் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை, மன்னிக்கவும் இல்லை. "தம்பி, அந்த ஐஸ் பெட்டி எங்க போச்சுன்னு தெரியுமா?" என்று கேட்டார். வட்டிக்கு வாங்கி வாங்கிய பெட்டி. எனக்குத் தெரியவில்லை. எங்கள் வண்டியிலிருந்து தெறித்த ரியர் வியூ கண்ணாடியை நாங்கள் தேடி எடுத்திருந்தோம். பெட்டியை யாரும் பார்க்கவில்லை. அவர் மனைவி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்று ஒரு திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் இதே மாவட்டத்தில் மேல்மருவத்தூரில்தான் தொடங்கினார்கள். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நல்ல திட்டம், உயிரைக் காப்பாற்றுகிறது. ஆனால் நாற்பத்தொன்பதாவது மணியிலிருந்து கால் ஊன்றும்வரை அந்த வீட்டில் மீன் வியாபாரம் கிடையாது. ஒரு சகோதரத்துவம் நிரப்ப வேண்டிய இடம் என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான்.

குழுவில் கேட்டேன். ஆளுக்கு ஐயாயிரம் போடலாமா என்று. வளைந்த ஃபோர்க்குக்கு அதற்கு முந்தின வாரம்தான் வசூல் நடந்திருந்தது, ஒரே மாலையில் முடிந்தது. இதற்கு இரண்டு நாள் மௌனம். பிறகு ஒருவர், நல்ல மனுஷர்தான், தனியாக ஃபோன் செய்தார். "குடுத்தா நம்ம மேல தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் ப்ரோ. கேஸ்ல பிரச்சினை வரும்." அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவே சொல்கிறது. ஒரு மனிதரின் வீட்டில் அடுப்பெரியப் பணம் கொடுப்பதைக் குற்ற ஒப்புதலாகப் பார்க்கும் நிலைக்கு நாம் எப்படி வந்தோம்? பதினோரு பேரில் நான்கு பேர் கொடுத்தோம். இடித்தவன் அந்த நால்வரில் ஒருவன். அதையும் சொல்லத்தான் வேண்டும். அவனைக் குற்றவாளியாக்கிவிட்டு மற்றவர்கள் நல்லவர்கள் ஆவதற்காக நான் இதை எழுதவில்லை. அவனுடைய வேகத்தை இரண்டு வருடம் கைதட்டி வளர்த்தது நாங்கள்.

'அப்போ குழுவைக் கலைச்சிடலாமா?' என்று கேட்பீர்கள். வேண்டாம். வெயிலில் முக்கால் மணி நேரம் கூட நின்றவரை நான் மறக்கவில்லை. அவர் பிரதர்ஹுட் என்ற சொல்லைச் சொல்லவில்லை, ஜாக்கெட்கூடப் போட்டிருக்கவில்லை. நின்றார், அவ்வளவுதான். செயின் லூப் பற்றிப் பேசுங்கள், விடியவிடியப் பேசுங்கள். ஆனால் அந்தப் பேச்சுக்குள் 'மெதுவா போ'வுக்கும் இடம் இருக்கட்டும். எக்ஸெல்காரருக்கும் கை எழட்டும்.

போன ஞாயிறு மறுபடி கிளம்பினோம். டோல்கேட் தாண்டி டீ குடிக்கும்போது சொன்னேன்: "ஊருங்க இருக்கிற இடத்துல அறுபதுக்கு மேல போறவன்கூட நான் வரல." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவன், "சரி அங்கிள்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எட்டு வண்டி முன்னால் பறந்தது. என்னோடு இரண்டு வண்டி பின்தங்கியது. அதில் ஒன்று புது ஃபோர்க் போட்டது.